திருவிழா பதினாறிலா, பதினான்கிலா?

ஐந்து

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிழை செய்தவன் ஓர் அடிமை. அது பிழையே இல்லை என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

பகுதிகளின் எண்கள் இறங்கிக்கொண்டே போவதைக் கண்டு திகைக்க வேண்டாம், வாசகரே. நாங்கள் நாட்களை அப்படித்தான் சொல்வோம். மாதம் பிறக்கும் நாள் கலெண்டே, நடுநாள் ஈதுஸ், அதற்கு ஒன்பதாம் நாள் முன்பு நோனே. மற்ற நாட்களுக்குத் தனிப் பெயர் கிடையாது. அடுத்த பெரிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதே பெயர். எண்ணும்போது இன்றும் சேரும், அந்த நாளும் சேரும். ஈதுஸ் தாண்டினால் எல்லோர் கண்ணும் அடுத்த மாதப் பிறப்பின் மேல்தான். பந்தியில் உட்கார்ந்துகொண்டே அடுத்த விருந்தைப் பற்றிப் பேசும் ஜனங்கள் நாங்கள்.

நான்கு

தொடக்கம் ஒன்று: "டிசம்பர் குளிரில் சலவைப் பட்டறையின் தொட்டிகளிலிருந்து ஆவி எழுந்து..."

வேண்டாம். எங்கள் தொட்டிகளில் மூத்திரம் ஊற்றித்தான் துணி வெளுக்கிறோம் என்று ஊருக்கே தெரியும். ஆவியை வர்ணித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

தொடக்கம் இரண்டு: "பிலேரோஸ் நல்லவன், ஆனால் வாய் கொஞ்சம்..."

(முடிக்கவில்லை. மெழுகுப் பலகை குளிரில் இறுகிக் கிடக்கிறது. எழுத்தாணியின் தட்டை முனையால் தேய்த்தாலும் அழிய மறுக்கிறது. கைவிட்ட வரிகளும் கண்ணில் படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தொடக்கம் மூன்று, இதுவே நிற்கட்டும். அல்பூசியஸின் பட்டறையில் துணி மிதிக்கும் அடிமை பிலேரோஸ். அவன் துணைவி கீயா, அதே வீட்டில் சமையல். அவளைக் காப்புவா ஊரில் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுப்பதாக எசமான் வாக்குக் கொடுத்துவிட்டார். சாத்தூர்ன் சாமியின் திருவிழா முடிந்ததும் வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அடிமை எசமானை எதிர்த்துப் பேச வருடத்தில் ஒரே நாள்தான் உண்டு. திருவிழாவன்று அவன் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு மஞ்சத்தில் சாய்வான், எசமான் பரிமாறுவார். நாக்கில் வந்ததைப் பேசலாம், யாரும் கை வைக்கக் கூடாது. அந்த நாளுக்காகத்தான் பிலேரோஸ் வார்த்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தான்.

திருவிழா என்றைக்கு? ஜனவரி பிறப்புக்குப் பதினான்காம் நாள் முன்பு, தலைமுறை தலைமுறையாக. ஆனால் இந்த ஆண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தி, டிசம்பரின் வாலில் இரண்டு நாள் ஒட்டிவிட்டார்கள். நாள் நகரவில்லை, பெயர் மட்டும் பதினாறு ஆகிவிட்டது. இப்போது திருவிழா பழைய நாளோடு போகுமா, பழைய பெயரோடு போகுமா?

மூன்று

பதினாறாம் நாள் காலை பக்கத்துத் தெருவில் திருவிழாக் கூச்சல் கிளம்பியது. பிலேரோஸின் நெஞ்சு படபடத்தது. (எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. என் நெஞ்சு படபடத்திருக்கும், அவ்வளவுதான்.) தொட்டியிலிருந்து குதித்துக் கால் கழுவினான், தொப்பியை மாட்டினான், நேரே போய் எசமானின் மஞ்சத்தில் சாய்ந்துகொண்டான்.

"யோவ் அல்பூசியஸ்! இங்க வா. ஒயின் ஊத்து."

அல்பூசியஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்னய்யா முழிக்கிற? வருசம் பூரா உன் தொட்டியில நிக்கிறேன். ஊர்த் துணியெல்லாம் வெளுத்துச்சு, உன் மனசு வெளுக்கலையே! கீயாவ உன் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுக்குறியே, அவ என்ன பழைய போர்வையா?"

"டேய், இன்னிக்குப் பதினாறுடா. திருவிழா பதினாலுல."

"அப்ப... வெளிய கத்துறாங்களே?"

"கத்துறவன் புதுக் கணக்குக்காரன். இந்த வீட்டுல என்னைக்கும் பதினாலுதான்."

பிலேரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை நாளில், எசமானின் மஞ்சத்தில், எசமானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். தொப்பியை மெல்லக் கழற்றினான். அல்பூசியஸின் கை பிரம்பைத் தேடியது.

அவரைக்காய்ச் சட்டியோடு கீயா உள்ளே வந்தாள்.

"எசமான், அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. பண்டிகையில கை நீட்டுனா சாமி குத்தம். சாமி எந்தக் கணக்குல இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது... பழசுதான்... இருக்கணும்."

"இருந்தாச் சரி. அப்ப பதினாலு அன்னிக்கு இவரு மறுபடி இதே மஞ்சத்துல சாஞ்சு இதையே சொல்லுவாரு. அன்னிக்கு உங்க மச்சான் வீட்டு ஆளுங்க வேற பந்தியில இருப்பாங்க. நல்லா இருக்குமா?"

அல்பூசியஸ் பிரம்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"மூணு நாளும் வெச்சுக்கலாம். பதினாறு, பதினஞ்சு, பதினாலு. எந்தக் கணக்குல சாமி வந்தாலும் குறை சொல்ல முடியாதுல்ல? டேய், தொப்பியப் போடுறா."

முந்தின நாள்

(இரண்டு எங்கே என்று கேட்காதீர்கள். எங்கள் கணக்கில் மூன்றுக்கு அடுத்தது முந்தின நாள்தான்.)

இனி முடிவு. ஒன்று: திருவிழா முடிந்ததும் பிரம்பு பேசுகிறது. நடக்கக்கூடியதுதான், எழுதக் கை வரவில்லை. இன்னொன்று: அல்பூசியஸ் கண்ணீர் மல்க இருவரையும் விடுதலை செய்கிறார். நாடகக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஐம்பது வருடமாக அந்த ஆளை எனக்குத் தெரியும், அவ்வளவு சுலபத்தில் அழ மாட்டான். அல்பூசியஸ் நான்தான். இத்தனை மரியாதையோடு எழுதியபோதே சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

மூன்று நாளும் பரிமாறினேன். முதல் நாள் சாமிக்குப் பயந்து. இரண்டாம் நாள், போகட்டும் என்று. மூன்றாம் நாள், அதாவது இன்று, எனக்கே பிடித்துவிட்டது. நானே சமைத்த பன்றிக்கறியைத் தின்று பார்த்து, "உப்புப் பத்தல எசமான், இதுக்கா எல்லாரையும் பட்டினி போட்டீங்க?" என்றாள் கீயா. வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது. பதினொரு வருடம் இந்த வீட்டில் அடுப்பெரித்தவளை அனுப்ப, எனக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்திருக்கிறது.

கலெண்டே

கதைக்குத்தான் கலெண்டே, வீட்டுக்கு இன்று பதினான்கு. காப்புவா வண்டிக்காரன் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், நாளை விடியலில் கிளம்புவான். தங்கைக்கு ஒரு கடிதம் தந்தாக வேண்டும். கீயா வருகிறாள் என்றோ வரமாட்டாள் என்றோ அதில் ஒரு வரி வேண்டும். இந்தப் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை இருக்கிறது. அதில் "அன்புள்ள அல்பூசியாவுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முத்திரை மோதிரமும் அதன்மேல்தான் இருக்கிறது.

வாசகரே என்று அழைத்துக்கொண்டிருந்தது உன்னைத்தான், பிலேரோஸ். துணிக்கு அடையாளம் எழுதக் கற்ற உன்னைத் தவிர இந்த வீட்டில் இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்? இன்று பொழுது சாயும்வரை நீதான் எசமான், சொன்னதைச் செய்ய வேண்டியவன் நான். அந்த வரியை நீயே எழுதி முத்திரை குத்திவிடு. என்ன எழுதினாலும் வண்டி அதைத்தான் கொண்டுபோகும்.

எழுதுவதற்கு முன் கீயாவைக் கேள். நான் கேட்கவில்லை.