எஸ்ரா சார் லீவு போட்ட சுதந்திர தினம்

"வண்டிக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரந்தான் இருக்கு, இப்பப் போயி நீங்க..."

"அஞ்சு நிமிஷம் ஜெனி, ஸ்கூலுக்குப் போயி அந்தக் கொடிய மட்டும்..."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதாக்கும்! போன மாசம் கல்யாண வீட்டுக்கு அஞ்சு நிமிஷத்துல வாரேன்னு போயி..."

"கட்டி பீரோவுல வச்சிட்டு ஓடி வந்துருதேன்..."

"நான் பேசி முடிச்சிக்கிடுதேன்!"

"நீ என்னைக்கிட்டி பேசி முடிச்சிருக்க?"

எஸ்ரா ஒரு காலில் செருப்பும், மறு கால் வாசற்படியிலுமாக நின்றான். ஜெனிபா இரண்டு பெட்டிகளுக்கும் ஒரு கட்டுச்சோற்றுப் பைக்கும் நடுவில், இடுப்பில் கை வைத்து நின்றாள். ஐந்து வயது ரெஜின் பெட்டியின் மேல் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். பத்து வயது ஜெமி மட்டும் சண்டையில் சேராமல், முற்றத்தில் விறைத்து நின்று, "ஸ்குவாட்... அட்டென்ஷன்!" என்று முருங்கை மரத்துக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தாள்.

எஸ்ரா ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் பி.டி. வாத்தியார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஆகஸ்டு பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும் விடிவதற்கு முன்னால் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவான். பிள்ளைகள் படிப்பது ஊரின் அந்தக் கோடியில் வேறொரு பள்ளி. அங்கேயும் அதே நாள், அதே நேரம்தான் கொடியேற்றம். ஜெமி பாட்டுப் பாடினாள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள், போன வருஷம் மனிதப் பிரமிடின் உச்சியில் நின்றாள். ஒன்றுக்கும் தகப்பன் வந்ததில்லை. ஜெனிபாதான் ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாகப் போய் முன் வரிசையில் இடம் பிடிப்பாள்.

ஒரு முறை எஸ்ரா, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானா வளரும்னு சொல்லுவாவல்லா" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தான்.

"தானாத்தான் வளந்துட்டு. பத்து வயசாச்சு. அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் ஜெனிபா.

இந்த வருஷம் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை. கூடவே சனி, ஞாயிறு. சென்னையில் இருக்கும் ஜெனிபாவின் அண்ணன் ஜெபசிங், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று ஜூன் மாசத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானூறு வீடுள்ள குடியிருப்பு. கொடியேற்றம், பிள்ளைகள் அணிவகுப்பு, மாறுவேடம், சாயங்காலம் மெட்ரோ ரயிலில் ஒரு சுற்று. போதாததற்கு, அணிவகுப்புக்குத் தலைமை தாங்க வேண்டிய பிள்ளை தாய் தகப்பனோடு ஊட்டிக்குப் போகிறதாம். "உங்க ஜெமியே லீட் பண்ணட்டுமே, அவ அப்பா பி.டி. சாராச்சே" என்று மதினி ஹெலன் போனில் கேட்டதிலிருந்து ஜெமிக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு வாரமாக முருங்கை மரமும் ரெஜினும்தான் அவளுடைய படை.

"அப்பா பாப்பாவல்லாம்மா?" என்று தினம் ஒரு தரம் கேட்டாள்.

"பாப்பாவ. நான் பாக்க வைக்கேன்" என்று ஜெனிபாவும் தினம் ஒரு தரம் சொன்னாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எஸ்ராவுக்கு லீவு வாங்குவதற்குள் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. கொடியேற்றத்துக்கு வாத்தியார் வராமல் இருப்பதாவது! தலைமை ஆசிரியர் சங்கரபாண்டியன் பத்து நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: கொடியைப் பூவிதழ் வைத்து மடித்துக் கட்டி, அவர் அறைப் பீரோவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியில் கொடி கட்டுகிறவன் எஸ்ரா. அவன் போடும் உருவாஞ்சுருக்கு ஒரே இழுப்பில் அவிழும், கொடி மலரும், பூ கொட்டும். ஒரு வருஷமும் பிசகியதில்லை.

ஐந்து நிமிஷம் ஐம்பது நிமிஷமாகி எஸ்ரா வந்தான். ஆட்டோ பறந்தது. வண்டி கிளம்பும்போது ரெஜினின் ஒரு செருப்பு ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது.

மேல் படுக்கையிலிருந்து ஜெமி தலையை நீட்டினாள். "அப்பா, நாளைக்கு எங்க உக்காருவீங்க?"

"முன்னாலதான் மக்கா."

"நான் சல்யூட் அடிக்கும்போது கை சரியா இருக்கான்னு பாக்கணும். தப்புன்னா கண்ணால சொல்லணும்."

"சொல்லுதேன்."

"போன் வந்தா?"

"எனக்கு எவன் போன் பண்ணப் போறான்? கொடிதான் கட்டியாச்சே."

ஜெனிபா கட்டுச்சோற்றுப் பையை அவிழ்த்தாள். வாயைத் திறந்தால் அபசகுனமாக ஏதாவது வந்துவிடும் என்று புளிச்சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

*

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, குடியிருப்பின் நடுத் திடலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எஸ்ரா முன் வரிசையில் மூன்றாவது நாற்காலி. ஜெனிபா நான்காவது. புதுச் சுங்குடிச் சேலை. அண்ணன் ஜெபசிங் ரெஜினைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

திடலின் ஓரத்தில் ஜெமி பதினாலு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஒருவன் காலணியில் விளக்கு எரிந்தது. அவன் அதைப் பார்த்தபடியே நடந்து முன்னால் போகிறவனை இடித்தான். ஒரு பெண் குழந்தையின் தாய் நடுவரிசைக்குள் புகுந்து முகத்துக்குக் களிம்பு பூசினாள்.

"ஆன்ட்டி, லைனுக்குள்ள வரக் கூடாது" என்றாள் ஜெமி.

"ஸ்கின் டேன் ஆயிடும்மா..."

"அணிவகுப்புல டேன் எல்லாம் பாக்க முடியாது ஆன்ட்டி. தள்ளி நில்லுங்க. ஏலே, உனக்கு எது லெஃப்ட்டு?"

"இது."

"அது ரைட்டு. நீ எந்தக் கையால சாப்பிடுவ?"

"ஸ்பூன்ல."

எஸ்ராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "குரலப் பாத்தியா ஜெனி? வயித்துல இருந்து வருது. அப்படித்தான் குடுக்கணும்" என்று மனைவியின் கையைத் தட்டினான். ஜெனிபாவுக்கு வயிறு குளிர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு.

அப்போதுதான் சட்டைப் பை அதிர்ந்தது.

"எடுக்காதிய."

"எடுக்கல."

நின்றது. மறுபடி அதிர்ந்தது. நின்றது. மூன்றாம் தடவை எஸ்ரா வெளியே எடுத்துப் பார்த்தான். ஹெச்.எம்.

"அணைச்சிப் போடுங்க."

"மூணு தடவ கூப்பிடுதாருட்டி. ஒரு நிமிஷம். இங்கன கொடியேத்தவே இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

போனான். கொடியேற்ற வேண்டிய பெரியவர் முன்னதாகவே வந்துவிட்டார். கயிற்றை இழுத்தார், கொடி விரிந்தது, எல்லாரும் தேசிய கீதம் பாடினார்கள். எஸ்ராவைக் காணோம். அணிவகுப்புக்கு முன்னால் சங்கத் தலைவர் பேச எழுந்தார். ஜெமியின் கண் மூன்றாவது நாற்காலிக்கு வந்து, அது காலியாக இருப்பதைப் பார்த்து, ஜெனிபாவிடம் வந்தது. இந்தா கூட்டிட்டு வாரேன் என்று ஜெனிபா கையைக் காட்டிவிட்டு எழுந்தாள்.

திடலுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில், சரிவுப் பாதையின் ஓரமாக, போனை நெற்றிக்கு நேரே பிடித்தபடி நின்றான் எஸ்ரா. திரையில் தலைமை ஆசிரியரின் முகம் பாதியும் பள்ளிக்கூட வேப்பமரம் பாதியும் தெரிந்தன.

"சார், கட்டி வச்சத அப்படியே கயித்துல மாட்டி ஏத்த வேண்டியதுதான சார்?"

"அதுல்ல எஸ்ரா சார். காலையில ஒரு சந்தேகம் வந்துட்டு."

"என்ன சந்தேகம்?"

"காவி மேல இருக்கா, பச்சை மேல இருக்கான்னு."

"பதினெட்டு வருஷமா நான்தான கட்டுதேன்."

"கட்டுதீரு, இல்லங்கல. ஆனா இன்னைக்கு நீரு ஊர்ல இல்லல்லா? தலைகீழாப் பறந்து, எவனாவது போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டான்னா யாரு பதில் சொல்ல? அதான் பிரிச்சிப் பாத்துட்டேன்."

"பிரிச்சிட்டீங்களா!"

"காவி மேலதான்யா இருந்துச்சி. சரியாத்தான் கட்டிருக்கீரு."

ஜெனிபாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. திரையில் இன்னொரு முகம் நுழைந்தது. ஓவிய வாத்தியார் பெத்துராஜ். மீசையில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

"சார், நான் ஒருவாட்டி கட்டுனேன், இழுத்தா அவிழல. ரெண்டாம்வாட்டி கட்டுனேன், ஏத்தும்போதே அவிழ்ந்து பூவெல்லாம் என் தலையில. இது மூணாவது."

ஜெனிபா போனைப் பிடுங்கினாள். "சார், நான் எஸ்ரா சார் வீட்டம்மா பேசுதேன். இவுக லீவுல இருக்காக. எம்மவ இங்கன அணிவகுப்புல நிக்கா. இன்னும் அஞ்சு நிமிஷத்துல..."

"அம்மா, வணக்கம்மா. உங்க கோவம் நியாயந்தான். ஆனா இங்க பாருங்க" என்றார் தலைமை ஆசிரியர். போனைத் திருப்பினார். வெயிலில் அறுநூறு பிள்ளைகள். முன் வரிசையில் ஒரு சின்னப் பையன் கையால் தலையை மூடிக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஒரு பிள்ளையை நிழலில் உட்கார வைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "சீஃப் கெஸ்ட்டும் வந்து இருவது நிமிஷமாச்சும்மா. ஒரே ஒரு தடவ சார் கட்டிக் காட்டுனா போதும்."

ஜெனிபா போனை எஸ்ராவிடமே திருப்பி நீட்டினாள்.

"ரெண்டு கையும் வேணும். நீ போனப் பிடி" என்றான் எஸ்ரா.

"நான் போறேன். நானாவது போயி உக்காருதேன்."

"ரெண்டே நிமிஷம் ஜெனி. அங்கன பிள்ளைய எல்லாம் வெயில்ல நிக்கி. துணி ஏதும் இருக்கா?"

"இங்கன துணிக்கு எங்க போவேன்?"

எஸ்ரா அவள் முந்தானையைப் பார்த்தான்.

"புதுச் சேலை!" என்றாள் அவள்.

அதற்குள் முந்தானை அவன் கையில் இருந்தது. தோரணம் கட்டி மிஞ்சிய சணல் கயிறு ஒன்று தரையில் கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டான். ஜெனிபா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி போல் நின்றாள்.

"பாத்துக்கோங்க பெத்துராஜ் சார். நீளவாக்குல மடிக்கணும். காவி எந்தப் பக்கம் இருக்கோ அந்த நுனி மேல் கயித்துக்கு. இப்பச் சுருட்டணும். இறுக்கிச் சுருட்டாதீங்க, பிள்ளையத் துணியில பொதியிற மாதிரி."

"எனக்குப் பிள்ள இல்ல சார்."

"பொதியத் தெரியும்லா? பூவ வைங்க. இப்பக் கயிறு, ரெண்டு சுத்து. மூணாஞ்சுத்த முழுசா உள்ள விடக் கூடாது, பாதிதான். வளையமா நிக்கணும்."

"எந்த வளையம்?"

"போனக் கொஞ்சம் பக்கத்துல கொண்டா ஜெனி. கை ஆடுது உனக்கு."

"ஆடுதா? ஏன் ஆடாது?"

மேலேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. அதன் மேல், ஒலிபெருக்கியே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு குரல் எழுந்தது: "ஸ்குவாட்... அட்டென்ஷன்!"

ஜெனிபா ஒரு எட்டு எடுத்து வைத்தாள். சேலை இழுத்தது.

"அவிழ்த்து விடுங்க! பிள்ள ஆரம்பிச்சிட்டா!"

"இழுக்காத, அவிழ்ந்துரும்! சார், அந்த நுனி இல்ல, மத்த நுனி. சார், நீங்க காபி ஆத்துத மாதிரி செய்யாதீங்க..."

"குயிக் மார்ச்! லெஃப்ட், ரைட், லெஃப்ட்!"

"இதா சார்? இதா?"

"அதேதான்! லேசா இழுத்துப் பாருங்க. நிக்குதா? நின்னா ஏத்துங்க."

"ரைட்... டர்ன்!" மேலே யாரோ சிரித்தார்கள், எவனோ ஒருவன் இடப்பக்கம் திரும்பியிருப்பான். குரல் அசரவில்லை. "லெஃப்ட், ரைட், லெஃப்ட்!"

திரையில் சுருட்டிய கொடி ஆடி ஆடி மேலே போனது. வேப்பமரத்தைத் தாண்டியது. யாரோ ஒரு பெரிய மனிதரின் கை கயிற்றைப் பிடித்தது. இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. எஸ்ரா மூச்சை அடக்கினான். ஜெனிபாவும் அடக்கினாள். இன்னொரு இழுப்பு.

கொடி மலர்ந்தது. காவி மேலே. ரோஜா இதழ்கள் காற்றில் சாய்ந்து போய், தலையை மூடியிருந்த அந்தப் பையன் மேல் விழுந்தன. அறுநூறு பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

"விரிஞ்சிட்டு!" என்று ஜெனிபாவும் கத்தினாள். போனைப் பிடித்த கையோடு மற்றக் கையைத் தட்டினாள். பார்த்தால் எஸ்ராவின் கண் கலங்கியிருந்தது.

பிறகுதான் மேலே சத்தமில்லாதது உறைத்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "அடுத்ததாக, மழலையர் மாறுவேடம்" என்றது.

எஸ்ரா சணலை இழுத்தான். முந்தானை விடுபட்டது. இருவரும் சரிவில் ஓடினார்கள். முன்னே ஓடியது ஜெனிபா.

திடலில் மூன்றாவது நாற்காலியில் யாரோ ஒருவருடைய கைப்பை இருந்தது. நான்காவதில் ஒரு பாரதமாதா உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் ஜெபசிங், "எங்கம்மா போயிட்டீங்க ரெண்டு பேரும்? பிள்ள அசத்திட்டா. எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க" என்றார். ஜெமி அவர் பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் லட்டுப் பெட்டி, இன்னும் திறக்கவில்லை.

"மக்கா, ஜெமி..." எஸ்ராவுக்கு இரைத்தது. "உன் குரல அங்கன வர கேட்டேன்டி. ரைட் டர்ன் குடுத்தியே, அதுல ஒரு பிசகு இல்ல. மாமா வீடியோ எடுத்திருப்பாவ, நாம உக்காந்து..."

ஜெமி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கசங்கி முறுக்கேறிக் கிடந்த தாயின் முந்தானையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா வர மாட்டாவன்னு எனக்குத் தெரியும். நீ எங்கம்மா போன?"