அறுக்காமல் புதைத்தது

நனைத்த கோணியைப் பிழிந்து செல்லியின் கழுத்தில் போட்டாள் ஹில்டா. குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. இன்னொரு கோணியை நனைக்க வாளிக்குள் கையை விட்டவள், கொட்டகையில் ஏதோ குறைந்துபோனதை உணர்ந்து திரும்பினாள். விடிந்ததிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. அவள் புருஷன் ராயப்பன் குதிரையின் தலையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி போதும்," என்றான்.

அவள் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

போன வாரம்வரை செல்லி காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி கான்வென்டுக்குப் பிள்ளைகளை வண்டியில் இழுத்துக்கொண்டு போய்வந்தது. ஒரு காலையில் கொள்ளுத் தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் பின்னங்கால்கள் நடுங்கின. நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும். காய்ச்சல் இல்லை, வயிறு உப்பவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் கஜபதி ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார், ரத்தம் எடுத்து வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஹில்டா வேளாங்கண்ணி எண்ணெயை அதன் நெற்றியில் தேய்த்துவிட்டாள். குதிரை அவள் கையை நக்கக்கூட இல்லை.

நோய் என்னவென்று யாராலும் சொல்ல முடியாமல் போகவும், ராயப்பனின் நினைப்பு ஓர் ஆளிடம் போய் நின்றது. அது ஹில்டாவின் தம்பி பால்ராஜ்.

கொட்டகை இருந்த நிலம் அவர்கள் அப்பா அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக விட்டுப்போனது. சுற்றிலும் வயலெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்தது. பால்ராஜ் வாங்குவதற்கு ஓர் ஆளைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டினான். கொட்டகையைப் பிரிக்க முடியாது என்றான் ராயப்பன். தெருவே பார்க்கச் சண்டை நடந்தது. "குதுர இருந்தாத்தான கொட்டா?" என்று பால்ராஜ் சொன்னதைப் பலரும் கேட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அவனே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பச்சைப்புல் அறுத்து ஒரு கட்டு கொண்டுவந்து போட்டான். கோபம் தணிந்துவிட்டது என்று ஹில்டா சந்தோஷப்பட்டாள். செல்லி தீனியை விட்டது அதற்கு அடுத்த நாள். அதே புல்லைத் தின்ற பால்ராஜ் வீட்டு மாடு நன்றாகத்தான் இருந்தது. ராயப்பன் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. மச்சான் வாசலுக்கு வந்தால் எழுந்து கொட்டகைக்குள் போய்விடுவான், அவ்வளவுதான்.

கஜபதி வந்து குதிரையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெல்ல மூடினார்.

"இன்னா சீக்கு சார் இது?"

"தெரிஞ்சா சொல்லமாட்டனா ராயப்பா."

"ஒரு பேராவது சொல்லுங்க சார். நாளிக்கு எவனாவது கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

டாக்டர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "அறுத்துப் பாக்கலாம். வயித்துல இருக்கறத எடுத்து அனுப்பினா வெஷமா, வேற ஏதாவதான்னு தெரிய வாய்ப்பு இருக்கு. நிச்சயம்னு சொல்லமாட்டேன். ஆனா சீக்கிரம் முடிவு பண்ணுங்க. வெயில் ஏறினா தாங்காது."

விஷம் என்ற சொல் விழுந்தபோது பால்ராஜ் வேலிப்படலருகே நின்றிருந்தான். தோளில் கடப்பாரை, கையில் மண்வெட்டி. குதிரை செத்த சேதி அவனுக்கு எப்படிப் போனது என்று ஹில்டாவுக்குத் தெரியவில்லை. அவன் யாரையும் பார்க்காமல் நிலத்தின் நடுவுக்குப் போய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் வேலியோரம் வந்தாள். "ஓரமா தோண்டேன்டா. நட்ட நடுவுல பொதச்சா அப்பால எவன் வாங்குவான் இந்த எடத்த?"

பால்ராஜ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கடப்பாரை மண்ணில் இறங்கிக்கொண்டேயிருந்தது.

ஹில்டா தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னதில் சட்டையில்லாமல் அவள் இடுப்பில் தூங்கிய முதுகு. ஒரு பாவமும் அறியாதவன் இப்படித்தான் தோண்டுவான். செய்தவனும் இப்படித்தான் தோண்டுவான். நினைத்ததுமே அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ராயப்பன் செல்லியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, மயிர் படிந்திருக்கும் வாக்கில் தடவினான். தினமும் தேய்த்துவிடுகிற மாதிரியே, விலாவிலிருந்து தொடைவரை. ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்துப் போட்டான். பிறகு எழுந்தான்.

"வாணாம் சார். அப்படியே பொதச்சிடறோம்."

குழிக்குள் இடுப்பளவு நின்றிருந்த பால்ராஜ் கையூன்றி ஏறி வந்தான். முழங்கைவரை மண்.

"மாமா, அறுக்கச் சொல்லு. நான் இன்னா பண்ணேன், பண்ணலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"தெரிஞ்சி இன்னாடா ஆவப்போது?"

"நீ ஒருவாரமா எம்மூஞ்சியப் பாக்கல. நான் கொடுத்த புல்லுன்னு ஊரே பேசிக்கினு கீது. அறுங்க சார், நான் சொல்றேன்."

ராயப்பன் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். குரல் உயரவில்லை. "அறுத்து, நீ இல்லன்னு வந்தா சரி. நீதான்னு வந்துட்டா, உங்கக்காவ நான் எங்க கொண்டுபோய் உடறது?"

பால்ராஜ் கை மண்ணை லுங்கியில் துடைத்தான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று அவன் காத்திருப்பது ஹில்டாவுக்குப் புரிந்தது. 'எந்தம்பி அப்படிச் செய்யமாட்டான்' என்று ஒரு வார்த்தை. அவள் குனிந்து, வாளியை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தாள்.

அவன் மறுபடி குழிக்குள் இறங்கினான்.

மத்தியானத்துக்கு மேல் தெரு ஆட்கள் கூடி, வண்டியின் பலகைகளைக் கழற்றிச் சரிவாகப் போட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். செல்லி கனத்தது. தலை மட்டும் தரையில் இழுபடாதபடி ராயப்பன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே கூட நகர்ந்து வந்தான். மனிதர்களுக்குப் போடுவதுபோலப் போடலாமா என்று தெரியாமல் ஹில்டா ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது சிலுவை போட்டுக்கொண்டு, மண்ணைப் போட்டாள். மற்றதெல்லாம் மண்வெட்டியின் வேலை. முடிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். பால்ராஜும் சொல்லாமல் போய்விட்டான்.

பொழுது சாயும் நேரம் அவள் சோறு வடித்து, ரசத்தை ஊற்றி ராயப்பன் முன்னால் வைத்தாள். அவன் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவன் துன்னானா?"

"யாரு?"

அவன் மறுபடி பிசைந்தான். ஓட்டின் மேல் தூறல் விழும் சத்தம் கேட்டது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஹில்டா பின்பக்கக் கதவைத் திறந்தாள்.

மண்மேட்டின் மேல் யாரோ குனிந்திருந்தார்கள். பால்ராஜ். வேலிக்காத்தான் முள்ளை வெட்டி இழுத்துவந்து, நாய்கள் தோண்டாதபடி மேட்டைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். மழையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முள் குத்திய கையை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, அடுத்த கிளையை இழுத்தான்.

தோளுக்குப் பின்னால் ராயப்பன் வந்து நிற்பதை அவள் உணர்ந்தாள்.

"கூப்பிடட்டா?"

ராயப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். சாரல் உள்ளே அடித்தது. அவன் கதவைச் சாத்தச் சொல்லவில்லை, கூப்பிடவும் சொல்லவில்லை. எச்சில் கையை உடம்பில் படாமல் சற்றே தூக்கிப் பிடித்திருந்தான். விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன.