சைக்கிள் கம்பி அளவு ஓட்டை

மூன்றாவது முறையும் என் கார் புகை டெஸ்டில் தேறவில்லை. பெட்ரோல் பங்க்கில் மிஷின் வைத்திருப்பவர் சைலன்சருக்குள் விட்ட குழாயை உருவிக்கொண்டே, "கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குள்ள இருக்கணும் டீச்சர், மூணு காட்டுது" என்றார். சொல்லும்போதே ஒரு கொட்டாவி வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிஷினைத் தூக்கி மணிமுத்தாற்றில் போட்டிருப்பேன். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் தப்பித்தது.

வண்டிக்குப் பதினைந்து வயது. இந்த மாதத்தோடு ஆர்.சி. முடிகிறது. புகை டெஸ்டில் தேறி எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்காவிட்டால் இரும்புக் கடைக்குத்தான் போகும். வண்டி போனால் என் வேலையும் போகும். வேப்பூரைத் தாண்டி இருக்கிற எங்கள் பக்கத்து மங்களூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். இங்கிருந்து ஏழு மணி பஸ்ஸில் போய் வேப்பூரில் மாற வேண்டும். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்த நாட்களில் பலமுறை லேட். "இன்னொரு நாள் லேட்டுன்னா வூட்லயே இருந்துடுங்க மேடம்" என்று ஹெச்.எம். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒர்க் ஷாப் சேலம் ரோட்டில் இருக்கிறது, குருமூர்த்தியுடையது. முதல் தடவை டெஸ்டில் தோற்றபோது அவர் பிளக்குகளை மாற்றினார். இரண்டாவது தடவை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். செராமிக் கம்பெனிகளின் வெள்ளைத் தூசு குவியலாகக் கொட்டியது. "இந்த ஊரு வண்டிங்களுக்கெல்லாம் இதான் வியாதி டீச்சர். காத்து போவலன்னா பெட்ரோல் அரகொறயா எரியும்" என்று புது ஃபில்டர் போட்டு, ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் "இதான் பிராப்ளம்" என்பார். நானும் நம்பிப் போய் அவமானப்பட்டுத் திரும்புவேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டால் நான் சும்மா விடுவேனா?

போதாக்குறைக்கு முந்தின நாள்தான் எங்கள் பள்ளி அருள்ஜோதி டீச்சர் ஒரு குண்டைப் போட்டிருந்தாள். "சைலன்சர் கொழாயில ஒரு டப்பா இருக்குதுல்ல, கன்வெர்ட்டர்னு, அதான் பொகைய சுத்தம் பண்றது. அதுக்குள்ள வெலை ஒசந்த உலோகம் இருக்குதாம். மெக்கானிக்குங்க உள்ள இருக்கிறத உருவி வித்துட்டு வெறும் டப்பாவ மாட்டி வுட்டுடுறாங்களாம். எங்க மாமா வண்டியில அப்படித்தான் ஆச்சி."

அந்தச் சனிக்கிழமை காலை பங்க்கிலிருந்து நேராக ஒர்க் ஷாப்புக்கு வண்டியை விட்டேன். பக்கத்து டீக்கடையில் ஷிப்ட்டுக்குப் போகிற கம்பெனி ஆட்கள் கும்பலாக நின்றார்கள். நான் இறங்கிய வேகத்தில் கார்க் கதவை அறைந்த சத்தம் அவர்கள் காதுக்குப் போயிருக்கும்.

"என் வண்டியில இருந்தத உருவி வித்துட்டியா நீ?"

அதுவரை அவரை நான் "நீங்க" என்றுதான் பேசியிருக்கிறேன்.

"என்னா டீச்சர் சொல்றீங்க?"

"கன்வெர்ட்டர்ல இருந்தது எங்க? திருடித் தின்னுட்டு பிளக்குங்கிற, ஃபில்டருங்கிற. என்னைப் பாத்தா ஏமாளியா தெரியுதா?"

டீ கிளாஸ்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. குருமூர்த்தியின் முகம் கறுத்துப்போனது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சூடு ஆறுவதற்குக்கூடக் காத்திருக்காமல் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அடியில் நுழைந்தார். அதற்குள் ஷிப்ட் சங்கு ஊதியது. வேடிக்கை பார்த்தவர்கள் பாதிக் கதையோடு கிளம்பிப் போனார்கள்.

டப்பாவை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க. உள்ள இருக்குது. எவனும் உருவல."

உள்ளே தேன்கூடு மாதிரி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவரே அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"இது ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்குது? கார் கம்பெனி மாலு சாம்பல் கலர்ல இருக்கும். ஓட்டை ஊசி போற அளவுக்குத்தான் இருக்கும். இது சைக்கிள் கம்பி போற அளவு. டப்பாவ வேற அறுத்து வெல்டு வச்சிருக்காங்க. இந்த வெல்டு என்னுது இல்ல."

வெல்டை அறுத்தார். உள்ளிருந்தது நான் சாக்கோடு நீட்டிய கையில் விழுந்தது. நல்ல கனம். வெள்ளை வெளேரென்று ஓர் உருளை, நெடுக ஓட்டைகள்.

அதை எனக்குத் தெரியும். மே மாத லீவில் என் வீட்டுக்காரர், சாவியோ என்று பேர், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, ஈரமண் உருளையில் சைக்கிள் கம்பியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திக்கொண்டிருந்தார். செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிறவர் அவர். கேட்டதற்கு, "மாதா கோயிலுக்கு மெழுவத்தி ஸ்டாண்டு" என்றார். நல்ல காரியம் என்று நான் காபி போட்டுக் கொடுத்தேன். அந்த மாதம்தான் வண்டிக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த கலகல சத்தமும் நின்றது.

குருமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சாக்கோடு பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கம்பெனி கேட்டுக்கு சாவியோ மண் தூசியோடு வந்தார். நான் நீட்டியதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா ராணி, ஒரு கீறல் வுழல. அந்தச் சூட்டுல நின்னுருக்குது."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"பழசு ஒடைஞ்சி போயி கலகலன்னுச்சி. கழட்டிப் பாத்தா பீங்கான். நம்ம ஊர்ல இல்லாத பீங்கானா? நம்ம வெல்டர வச்சி மாட்டிட்டேன்."

"அந்தப் பீங்கான் மேல பூசியிருக்கிற உலோகந்தாங்க பொகைய சுத்தம் பண்ணும். பீங்கான் சும்மா அதைத் தாங்கிட்டு நிக்கிறது. இது வெறும் மண்ணு."

"அப்படியா?" என்றார். "அது எனக்கு யாரு சொன்னா?"

"யாரைக் கேட்டீங்க? என்கிட்ட மெழுவத்தி ஸ்டாண்டுன்னீங்களே."

"முன்னாடியே சொன்னா வுடமாட்டே. வண்டி கொஞ்ச நாளு நல்லா ஓடுன பெறகு சொல்லலாம்னு இருந்தேன்."

எனக்குள் என்னவோ அறுந்தது. அதைப் பிடுங்கி ஓங்கித் தரையில் அடித்தேன். அது துள்ளி உருண்டு கேட் ஓரம் போய் நின்றது. உடையவில்லை. அவர் ஓடிப்போய்க் குனிந்து, முனை எங்காவது தெறித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களால ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றேன். "என் வேலை போவப்போவுது. நீங்க கீறல் தேடுறீங்க."

சாயங்காலம் அவரை இழுத்துக்கொண்டு சேலம் ரோட்டுக்குப் போனேன். டீக்கடையில் இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாவியோ தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாங்க செஞ்சி மாட்டுனேன்" என்றார். நானும், "தப்பாப் பேசிட்டேன் குருமூர்த்தி, மனசுல வச்சிக்காதீங்க. புது கன்வெர்ட்டர் போட்டுக் குடுங்க" என்றேன்.

குருமூர்த்தி மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் துடைத்தார்.

"போட்டா டெஸ்டுல தேறும். ஆனா டீச்சர், நீங்க காலையில பேசுனப்ப இங்க எவ்ளோ கூட்டம்? இப்ப யாரு இருக்குறா? அதக் கேட்டு இன்னிக்கே ரெண்டு பேரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, கம்பெனி லீவு. திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு எல்லாரும் டீ குடிக்க வருவாங்க. அப்ப வந்து சொல்லுங்க. அப்புறம் வண்டியத் தொடுறேன்."

"ஏழு மணிக்கு எனக்கு பஸ்ஸு."

"அவரு சொன்னா பத்தாது" என்று சாவியோவைக் காட்டினார். "திட்டுனது நீங்க."

குருமூர்த்தி மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேறு ஒர்க் ஷாப் இல்லையா இந்த ஊரில் என்று வீடு வரும்வரை பொருமினேன். ஞாயிறு பூசையில், பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் சாவியோ என்னைப் பார்த்துக் கையைக் குவித்தார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கேட்காமல் செய்தார், நான் பார்க்காமல் பேசினேன். அதை நினைக்க நினைக்க அவர் மேல்தான் இன்னும் எரிந்தது.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் அதே கூட்டம். சாவியோவும் அந்த வெள்ளை உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குருமூர்த்தி ஷட்டரில் சாய்ந்திருந்தார். நான் நடுவில் போய் நின்று, "சனிக்கெழம இவரைத் திருடன்னு சொன்னேன்" என்று ஆரம்பிக்கும்போது வேப்பூர் பஸ் வந்தது. கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, படியில் தொங்கியபடி "வரீங்களா டீச்சர்?" என்று கேட்டார். டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை கத்தியதைவிட உரக்க, "இவரு எதையும் எடுக்கல. தப்பு எங்க வூட்டுல" என்று சொன்னேன்.