பத்து ஓடும் ஒரு நாற்காலியும்

அறுபத்தொரு வயதில் கராத்தே மாஸ்டர் கோவிந்தராசுவுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. எதிராளி கையைத் தூக்குமுன்பே அடி எங்கே விழும் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நகரத்தான் முடியாது. கால் முட்டி விடாது.

அதனால் பத்து வருடமாக விடிகாலையில் விருத்தாசலம் மைதானத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கராத்தே செய்தார். நாற்பது பிள்ளைகளோடு ஓடுவதும் உதைப்பதும் உதவி மாஸ்டர் சக்கரபாணி. "சபாஷ்" சொல்வது கோவிந்தராசு. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, சக்கரபாணியைத் தவிர. அவன் கராத்தே சங்கத்துக்கு மனுப் போட்டான். சங்கமும் கூடி, டீ குடித்து, தீர்மானித்தது: அறுபது தாண்டிய தலைமை மாஸ்டர் ஆண்டு விழா மேடையில் ஒரே அடியில் பத்து ஓடுகளை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி சக்கரபாணிக்கு.

கோவிந்தராசு நேரே மச்சினன் சாமிதுரையின் ஓட்டுச் சூளைக்குப் போனார்.

"மாப்ள, பத்து ஓடு வேணும். அரவேக்காடா இருக்கணும். ஊதுனா ஒடையணும்."

"நம்ம சூளையில அப்படி எறக்குனதே இல்லியே மாமா."

"ஒனக்கு ஓடு முக்கியமா, அக்கா புருசன் கை முக்கியமா?"

சாமிதுரை இதற்குக் கொஞ்சம் யோசித்தான். பிறகுதான், "சரி மாமா" என்றான். எதிராளியின் அடியை முன்கூட்டியே அறிகிறவர், மச்சினனிடம் கோட்டை விட்டார்.

விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சூளைக்காரர்கள், மீதி பீங்கான் கம்பெனிக்காரர்கள். அவர்கள் பார்க்க வந்தது கராத்தேயை அல்ல, ஓடுகளை. முன்வரிசையில் கோவிந்தராசுவின் மனைவி சொர்ணாம்பாள். பீங்கான் கம்பெனியில் ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கம், குறையுள்ள செகண்ட்ஸை ஒரு பக்கம் என்று இருபது வருடம் பிரித்தவள்.

கோவிந்தராசு ஓடுகளை வணங்கிவிட்டு, விரல் முட்டியால் லேசாகத் தட்டினார். 'ணங்' என்றது, கோயில் மணி மாதிரி. அது நன்றாக வெந்த ஓட்டின் சத்தம். மேடையோரம் சாமிதுரை நின்றிருந்தான்.

"என்னாடா மாப்ள இது?" என்றார் பல்லைக் கடித்தபடி.

"நல்லூர்லருந்து வியாபாரிங்க வந்துருக்காங்க மாமா. வேகாத ஓட்ட எம்பேர்ல மேடை ஏத்துறதா? ஒருநா கூடவே சுட்டுட்டேன். லாரி ஏறுனாலும் ஒடையாது."

கோவிந்தராசு கண்ணை மூடி மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். இப்படியே கால் மணி நேரம் போனது.

"ஒடைங்க மாஸ்டர், ஜனங்க பாக்குறாங்க" என்றான் சக்கரபாணி.

கோவிந்தராசு கையை ஓங்கி இறக்கி, ஓட்டுக்கு ஒரு நூல் மேலே நிறுத்தி, அதைத் தடவிக் கொடுத்தார். மைக்கைப் பிடித்தார்.

"கத்துக்குட்டி எதையும் ஒடைப்பான். எதை ஒடைக்கக் கூடாதுன்னு தெரியறதுக்குத்தான் வயசாகணும். இவ்ளோ நல்ல ஓட்ட ஒடைக்க எனக்கு மனசு வரல."

வேறு ஊராக இருந்தால் செருப்பு வந்திருக்கும். இங்கே சூளைக்காரர் கொளஞ்சி எழுந்து, "அதான! ஒடைக்கறதுக்கா மாடா ஒழைச்சு சுடறோம்?" என்று கண்ணைத் துடைத்தார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

"இதெல்லாம் சால்ஜாப்பு! நான் ஒடைக்கறேன் பாருங்க!" என்று பாய்ந்தான் சக்கரபாணி.

ஓங்கி அடித்தான். ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. ஓட்டிலிருந்து அல்ல.

சாமிதுரை ஓடி வந்தான். கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்த சக்கரபாணியைத் தாண்டிப் போய், ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். "பத்தும் ணங்குது!" என்று கத்தினான். நல்லூர் வியாபாரி அங்கேயே ஐயாயிரம் ஓட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். சங்கம் நாற்காலியை ஆயுளுக்கும் கோவிந்தராசுவுக்கே எழுதிக் கொடுத்தது.

சாயங்காலம் அவர் கழுத்து மாலையைக் கழற்றாமலே வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சக்கரபாணிக்கு ஆறு வாரம் கட்டாம்" என்றாள் சொர்ணாம்பாள். "ஏங்க, நாளைலருந்து அந்த நாப்பது புள்ளைங்க கூட யாரு ஓடறது?"

கோவிந்தராசுவின் கை தானாக முட்டியைத் தடவியது.

சொர்ணாம்பாள் அவருடைய வழுக்கைத் தலையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, கம்பெனியில் செய்வதுபோலத் தலை சாய்த்துக் கேட்டாள்.

"செகண்ட்ஸ்" என்றாள். பிறகு போனை எடுத்து, அவர் மைதானத்துக்குப் போகக் காலை நாலரைக்கு அலாரம் வைத்தாள்.