மாமனாரின் பெயர்

"ஒரு பேரைச் சொல்றதுல என்னடி இருக்கு? வாயா கிழிஞ்சிடும்?" என்று எர்மெக் அண்ணன் என்னிடம் கேட்டான். கேள்வி அண்ணிக்கானது. அவள் அடுத்த அறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடம் நேராகக் கேட்க முடியாத எல்லாவற்றையும் அந்த மாதம் முழுக்க அவன் என்னிடம்தான் கேட்டான். யார் கேள்வி கேட்டாலும் எனக்குப் பேச்சு வராது. கரும்பலகை முன்னால் நின்றால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அண்ணன் இருபத்திரண்டு வயதில் விசா லாட்டரியில் பெயர் விழுந்து அமெரிக்கா போனவன். அங்கே டிரக் ஓட்டினான், அந்த நாட்டுக் குடிமகன் ஆனான். அப்பா குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது எங்கள் ஊரான கொச்கோருக்குத் திரும்பி வந்தவன் நான்கு வருடம் இங்கேயே தங்கிவிட்டான். ஜிபாரைக் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது மறுபடி போக வேண்டும். மனைவியையும் அழைத்துப்போக இங்கிருந்தே மனுப் போட்டு பதினாலு மாதம் ஆகிறது. கொச்கோரில் உட்கார்ந்திருக்கிறவன் அங்கே வந்து குடித்தனம் நடத்தப்போகிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அமெரிக்கத் தூதரகத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். அதனால் நவம்பர் முதல் தேதி வேலையில் சேர்வதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். அண்ணிக்கு விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இனி அவன் போயாக வேண்டும். எங்கள் தெருவில் 'நீ பின்னால வா' என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளிநாடு போனவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பெண்களும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

விசா நேர்காணல், எல்லை தாண்டி அல்மாட்டியில் இருக்கும் தூதரகத்தில், வியாழக்கிழமை. ஒத்திகைக்கு அண்ணன் என்னை அதிகாரியாக உட்கார வைத்தான். அவன் எழுதிக்கொடுத்த கேள்விகளை நான் படிக்க வேண்டும்.

"உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் படுப்பார்?"

"சுவர்ப் பக்கம். விடியறதுக்குள்ள என் பக்கமும் அவருதுன்னு எழுதிக்கோ, வெள்ளைப்பொண்ணே" என்று அண்ணி சிரித்தாள்.

என் பெயரையும் அவள் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் மருமகள்கள் புருஷன் வீட்டார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். நான் வெள்ளைப்பொண்ணு. மேட்டில் தனிக்குடித்தனம் இருக்கும் பெரியண்ணன் மேட்டுவீட்டுக்காரர்.

"மாமனார் பேரு?"

சிரிப்பு நின்றது. "அப்பா" என்றாள்.

"அப்பான்னு ஒரு பேரா?" அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டான். "மூணு வருஷம் இருந்த வீட்டுல மாமனார் பேரு தெரியலன்னா, விசாவுக்காகப் பண்ணின கல்யாணம்னு முத்திரை குத்திடுவாங்க."

அம்மா கதவருகில் நின்றாள். "என் மாமனார் பேரை நான் நாப்பது வருஷமாச் சொன்னதில்லை. செத்தும் போயிட்டாரு. கல்லறையில எழுதிவெச்சிருக்கு, அதைக்கூட நான் வாய்விட்டுப் படிச்சதில்லை."

"உன்னை அமெரிக்காவுக்கு யாரும் கூப்பிடலையேம்மா."

"கூப்பிட்டா மட்டும்? உன் டிரக்ல ஏறினா எனக்கு வாந்தி வரும்."

எல்லாரும் சிரித்தோம், அண்ணியைத் தவிர.

அன்று சாயங்காலம் தொழுவத்தில் பால் கறந்துகொண்டே, பசுவிடம் பேசுவதுபோல, அண்ணி என்னிடம் சொன்னாள். "போன பிப்ரவரியில கிராம ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கப் போனப்போ மாமனார் பேரைக் கேட்டாங்க. சொல்லிட்டேன். வாயைத் திறந்து, முழுசா. நாலாம் நாள் போயிடுச்சு."

என்ன போனது என்று எனக்குத் தெரியும். அந்தத் துணிகளை நான்தான் துவைத்தேன். தண்ணீர் ஐந்து தடவை மாற்ற வேண்டியிருந்தது.

அவள் பால் ஈரத்தோடு என் கையைப் பிடித்து, மேல்சட்டைக்குள் வயிற்றின்மேல் வைத்தாள். "மூணு மாசம். உங்கண்ணனுக்கும் தெரியாது. நாலு தாண்டற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. நீயும் மூச்சு விடாதே."

"அங்க கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"கேக்க மாட்டாங்க" என்றாள். பசு காலை உதறியது. வாளியைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்ஸியிலிருந்து இறங்கி வந்த அண்ணன், ஃபைலைக் கொண்டுவந்து சாப்பாட்டு விரிப்பில் ரொட்டிமேல் போட்டான். அம்மா அதை அவசரமாக எடுத்துக் கீழே வைத்தாள். உள்ளே ஒரு தாள் இருந்தது. மறுப்பு இல்லை, விசாவும் இல்லை. மேலும் விசாரிக்க வேண்டும், மறுபடி கூப்பிடும்போது வர வேண்டும் என்று இருந்தது.

"ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. மரம் மாதிரி நின்னிருக்கா. மூணாந்தடவை, தாளு குடுங்க எழுதிக் காட்டறேன்னு சொல்லியிருக்கா. வாங்கி ஓரமா வெச்சுட்டு இதை நீட்டிட்டாங்க." அவன் அண்ணி பக்கம் திரும்பினான். "வர இஷ்டமில்லன்னா சொல்லித் தொலை, ஜிபார். பத்து நாள்ல நான் விமானம் ஏறணும்."

அண்ணி வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, அம்மாவுக்கு. என் கிண்ணத்தை நீட்டும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அண்ணா, அண்ணி முழுகாம இருக்காங்க. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொல்லாதே என்று பார்க்கிறாளா, இப்போதாவது சொல் என்று பார்க்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் கிண்ணத்தில் மிதந்த தூளைப் பார்த்தேன்.

அப்போது அப்பா ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு பேசினார். அவர் பேசுவது அபூர்வம்.

"ஏம்மா, என் பேரு ஒரோஸ்பெக். இந்த ஊர்ல பாதிப் பேரு அதைத் திட்டறதுக்குத்தான் சொல்றான். எனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே தின்னுட்டு இருக்கேன். இப்ப நானே சொல்றேன், இங்க என் முன்னாடி ஒரே ஒரு தடவை சொல்லிடு. அப்புறம் அங்க தானா வந்துடும்."

"வேண்டாங்க" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. என் பேரு, நான் குடுக்கறேன்." அப்பா அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். பல் இல்லாத பக்கம் தெரிய, குழந்தையை நடக்கக் கூப்பிடுவதுபோல. அவர் அதட்டியிருந்தால் அவளால் அழவாவது முடிந்திருக்கும்.

"சொல்லு" என்றான் அண்ணன்.

அவள் வாய் திறந்தது. உதடுகள் குவிந்ததை நான் பார்த்தேன். ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். உதடுகள் மூடிக்கொண்டன.

தேநீர்க் குடுவையை விரிப்பின் ஓரத்தில் வைத்தாள். எழுந்து, அப்பாவுக்கு முன்னால் மருமகள் குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்தாள். முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டினாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தோம். அண்ணன் ரொட்டியைப் பிய்த்தான்.

நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். அவள் கிணற்றைக் கடந்து போனாள். கோட்டு போடவில்லை, காலில் முற்றத்துக்குப் போடும் ரப்பர் செருப்புதான். வெளிக்கதவைத் திறந்தாள். மேய்ச்சல் மலையிலிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வரும் ஆட்டு மந்தை ஒன்று தெரு முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. அது போகட்டும் என்று அவள் நிற்கவில்லை. மந்தைக்குள் இறங்கினாள். ஆடுகள் அவளுக்கு ஒரு ஆள் அகலம் விலகி, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டன. புழுதிக்கு மேலே அவளுடைய சிவப்புத் தலைத்துணி மட்டும் தெரிந்தது, மந்தை வருகிற திசைக்கு எதிராக, மெதுவாக.