காஸாவும் காம்பவுண்டுச் சுவரும்

“காவலுக்குப் போனவன் காவலுக்கு நிக்கோணுமுங்க! ஒருத்தன் போன்னு சொன்னா ஒடனே மூட்டையக் கட்டிப்போட்டு வந்தர்றதா? இதென்னுங்க நாயம்?”

“ஏனுங் நாயக்கரே, அது அந்தாளு ஊடுங்க. ஊட்டுக்காரன் வெளிய போன்னா, அங்கயே பாய விரிச்சுப் படுத்துக்கச் சொல்றீங்களா?”

“ஊடு அவனுதுதான். சண்ட ரெண்டு பேர்த்துதுங்களே!”

பம்ப் ஸ்டவ்வின் இரைச்சலில் அடுத்த வாக்கியம் அடிபட்டுப் போனதால், தெய்வாத்தாள் ஸ்டவ்வையே அணைத்துவிட்டாள். அரிசியும் பருப்பும் அரைவேக்காட்டில் நின்றால் மறுபடி பற்ற வைத்துக்கொள்ளலாம். பேச்சு அரைவேக்காட்டில் நின்றால் என்ன செய்வது?

பீளமேட்டில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அந்தப் பக்கம் வெங்கடபதி நாயக்கர். மோட்டார் பம்ப் செய்யும் பட்டறைக்காரர். இந்தப் பக்கம் தெய்வாத்தாளின் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிக் கவுண்டர். கிணத்துக்கடவில் தோப்பு, டவுனில் தேங்காய் மண்டி. நாயக்கர் வீட்டில் ரேடியோ இருந்தது. கவுண்டரிடம் அபிப்பிராயம் இருந்தது. மாலைச் செய்திக்கு நாயக்கர் ரேடியோவை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பார். செய்தி முடிந்ததும் இருவரும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று உலகத்தைச் சீர்திருத்துவார்கள்.

அறுபத்தேழாம் வருஷம், வைகாசி மாதம். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே காஸாவில் ஐ.நா. படை ஒன்று பல வருஷமாகக் காவல் நின்றது. அதில் நம் பட்டாளமும் இருந்தது. எகிப்தின் நாசர் திடுதிப்பென்று ‘எல்லாரும் கிளம்புங்கள்’ என்றார். ஐ.நா.வின் பொதுச் செயலாளர் ஊ தாண்ட், பேச்சை வளர்த்தாமல், படையைத் திரும்ப அழைப்பதாகச் சொல்லிவிட்டார். உலகம் முழுக்க அதைத்தான் பேசியது. காம்பவுண்டுச் சுவர் மட்டும் சும்மா இருக்குமா?

“நம்ம ஊர்ல ரெண்டு பங்காளி கெணத்துத் தண்ணிக்கு அடிச்சுக்கறானுங்கன்னு வெச்சுக்குங்க,” என்றார் கவுண்டர். “நடுவுல ஒரு ஆள நிறுத்தறோம். அவன் ஒருத்தன் வரப்புல மட்டுந்தான் நிக்கறான். இன்னொருத்தன் என்ற வரப்புல காலே வெக்கப்படாதுங்கறான். அப்பறம் எடங்குடுத்தவன் மட்டும் எத்தன காலத்துக்குங்க பொறுத்துக்குவான்?”

“அதுக்கோசரம் ரெண்டு பேரும் அருவா எடுத்து நிக்கறன்னைக்கா காவக்காரனத் தொரத்தறது?”

“டில்லியே செரீங்குது. உங்க கட்சி சர்க்காரு. நீங்க எதுக்குங் குதிக்கறீங்க?”

அதுதான் தெய்வாத்தாளுக்கும் புரியவில்லை. நாயக்கர் கதர் தவிர வேறு தொடாதவர். மாசி மாதத்துத் தேர்தலில் கட்சி தோற்றபோது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைக் கூட நிறுத்தி வைத்தவர். நாசர் என்றால் ‘நம்ம சிநேகிதர்’ என்பார். அப்பேர்ப்பட்டவர் இப்போது நாசரையும் திட்டுகிறார், டில்லியையும் திட்டுகிறார். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. திரும்பி வரப்போகும் அந்தப் படையில் அவருடைய சொந்தத் தங்கச்சி மகன் இருந்தான். சென்னகிருஷ்ணன். மாமன் பட்டறையில் லேத் பழகி, பட்டாளத்துக்கு வண்டி மெக்கானிக்காகப் போனவன். கார்த்திகையில்தான் திரும்ப வேண்டியவன், ஆனியிலேயே வந்துவிடுவான் என்றால் மனுஷன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டாமா? உடைக்கவில்லை. தேங்காய் மண்டிக்காரன் பக்கத்து வீட்டில் இருந்தும் உடைக்கவில்லை.

தெய்வாத்தாள் சும்மா இருக்கிற ஜாதி அல்ல. துப்புகளைச் சேர்த்தாள். சித்திரைக் கடைசியில் திருப்பூரிலிருந்து ஒரு கார் வந்து நாயக்கர் வீட்டு வாசலில் நின்றது. “ஒறம்பரைங்க,” என்று சொல்லிவிட்டு நாயக்கர் மனைவி லட்சுமியம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். சொந்தக்காரர்கள் வந்தால் அவள் ஒரு மணி நேரமாவது நின்று பெருமை பேசுவாள். உள்ளே போனதுதான் துப்பு. அடுத்தது, முறுக்குச் சுடும் பெரிய வடைசட்டி வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். மூன்றாவதுதான் முக்கியம். ஒரு மத்தியானம் அந்த வீட்டில் தெலுங்கு கேட்டது.

நாயக்கர் குடும்பம் வீட்டுக்குள் எப்போதும் தெலுங்குதான் பேசும். ஆனால் மற்ற நாள் பேசுகிற தெலுங்கு சுவர் தாண்டாது. சுவரைத் தாண்டி வருவது சண்டைத் தெலுங்கு மட்டும். இத்தனை வருஷத்தில் தெய்வாத்தாள் கற்றுக்கொண்டதும் அது ஒன்றைத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் புரியாது. திட்டினால் எழுத்துக் கூட்டாமல் புரியும். அன்றைக்கு அம்மாவும் மகளும் மோதிக்கொண்டார்கள். மகள் அம்புஜம் திரும்பத் திரும்ப ‘அத்தை’ என்றாள். அம்மா திரும்பத் திரும்ப ‘பனியன் கம்பெனி’ என்றாள்.

மறுநாள் காலையில் சிறுவாணித் தண்ணீர் வரும் நேரத்துக்குத் தெய்வாத்தாள் குடத்தோடு குழாயடியில் காத்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்தும்.

“ஏன் அம்மணி, கண்ணு செவந்து கெடக்குது?”

“தூசிங்க அக்கா.”

“திருப்பூருத் தூசியா?”

அம்புஜம் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் அண்ணன் சுந்தரராஜுலு கொண்டு வந்த சம்பந்தம் அது. பனியன் கம்பெனிக்காரர் மகன். ஆனியில் முகூர்த்தம். “அத்தைக்கு இன்னும் வெத்தல வெக்கலீங்க அக்கா,” என்றாள் அம்புஜம்.

தெய்வாத்தாளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அத்தை மகன் இருக்க, பெண்ணை வெளியே கொடுப்பதானால், முறைக்காரர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து விடை கேட்க வேண்டும். கேட்காமல் தாலி ஏறினால் பந்தலிலேயே வந்து கேட்பார்கள். நாயக்கரோ, சென்னகிருஷ்ணனுக்கு அம்புஜம் என்று தங்கச்சி பங்காரம்மாவிடம் எப்போதோ வாய்விட்டுச் சொன்னவர். பையன் கடல் தாண்டி இருக்கும்போதே, ‘அவன் எப்ப வருவானோ, எப்படி வருவானோ’ என்று ஒரு காரணம் சொல்லி, விதவையான தங்கச்சியிடம் விடை வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஊ தாண்ட் மண்ணைப் போட்டுவிட்டார்.

“உனக்கு ஆரு வேணும், அம்மணி?”

அம்புஜம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “நா மாமன் வருவான்னுதான் இருக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோள் சொல்வதில் தெய்வாத்தாளுக்கு ஒரு நெறி உண்டு. விஷயத்தை ஒருத்தர் காதில் போடமாட்டாள். காதைக் கொண்டுவந்து விஷயத்தின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவாள். பிறகு யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அடுத்த நாளே சூலூருக்குப் பஸ் ஏறினாள். பங்காரம்மாவுக்கு அங்கே இரண்டு விசைத்தறி. ரேடியோ இல்லை, எழுத்து வாசிப்பும் இல்லை.

“உங்க பையன் பட்டாளம் சீக்கிரமாத் திரும்பி வர்ற சங்கதி தெனமும் ரேடியோவுல வருதுங்க. உங்க அண்ணன் என்னமா வெளக்கறாருங்கறீங்க! நம்மூட்டுச் செவுத்தோரம் ஒக்காந்தாப் போதும், அத்தனையும் கேக்கும். ஒரு நாளைக்கு வாங்க.”

பங்காரம்மா தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டாள்.

சுவருக்கு இந்தப் பக்கம், கறிவேப்பிலைச் செடி மறைவில், முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தாள் தெய்வாத்தாள். செய்தி முடிந்தது. நாயக்கர் சுவரோரம் வந்தார். கவுண்டருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்குப் பேச்சுதான் முக்கியம்.

“பொதுவுல ஒரு ஏற்பாடு பண்ணுனா அதுக்கு எல்லார்த்தையும் கேக்கோணுங்க,” என்று நாயக்கர் ஆரம்பித்தார். “ஒருத்தர் மட்டும் கலைச்சுப்போட்டா அப்பறம் பேச்சுக்கு என்னுங்க மருவாதி?”

தெய்வாத்தாளுக்கு உள்ளுக்குள் வெல்லம் கரைந்தது. இதைத்தான் எதிர்பார்த்தாள். வாக்கு, மரியாதை, கலைப்பது. ஒவ்வொன்றாக வந்து விழுகிறது. தங்கச்சிக்காரி இப்போது எழுந்து, ‘நீங்க யாரையண்ணா கேட்டீங்க?’ என்று ஒரு போடு போட வேண்டியதுதான் பாக்கி. பங்காரம்மாவுக்குத் திருப்பூர் விஷயமே தெரியாது என்பது அந்த நேரத்தில் தெய்வாத்தாளுக்கு மறந்து போயிருந்தது.

நாயக்கர் நிறுத்தவில்லை. “சண்ட வந்தா வரட்டுங்க. அதுக்குத்தான பட்டாளத்துக்குப் போனது? இருந்து முடிச்சுப்போட்டுத்தான் வரோணும். நானா இருந்தா ஒருத்தனையும் திரும்ப வுடமாட்டேன்.”

முக்காலி நகரும் சத்தம் கேட்டது. கறிவேப்பிலைச் செடிக்கு மேலே ஒரு நரைத்த தலை எழுந்தது.

“அப்ப அவன் வர வேண்டாங்கறீங்களாண்ணா?”

நாயக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பங்காரம்மா சத்தம் போடவில்லை. அவளுக்குச் சண்டைத் தெலுங்கே வராது போலிருக்கிறது. “சண்ட வரும்னு எனக்கு யாரும் சொல்லலீங்களே. வர்றான், சீக்கிரமா வர்றான்னுதான் இந்தம்மா சொன்னாங்க. வந்ததும் ஆனியிலயே அம்புஜத்துக்கு முகூர்த்தம் பாத்தர்லாம்னு சொல்லத்தான் வந்தேன். கார்த்திக வரைக்கும் எதுக்கு இழுக்கறது? நீங்க அவன அங்கயே கெடக்கட்டும்ங்கறீங்க...”

உலகத்தில் எந்தத் தலைவருக்கும் புத்தி சொல்லத் தெரிந்த மனுஷன், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பட்டறையில் ஏதோ வேலை என்று முனகினார், உள்ளே போய்விட்டார். கவுண்டர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். “நா என்னுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்?”

“நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க. வந்து சாப்புடுங்க,” என்றாள் தெய்வாத்தாள். அன்றைக்குச் சாதம் அடிப்பிடித்திருந்தது. வெல்லம் கரைந்த இடத்தில் என்னவோ கசந்தது. பங்காரம்மாவை அவளே பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை, இது பீளமேட்டில் யாரும் நம்பாத சங்கதி.

மூட்டை கட்டி முடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. ஜூன் மாதம் பிறந்து முதல் வாரம் கூட ஆகவில்லை. கப்பலுக்குக் காத்திருந்த நம் ஆட்களில் சிலர் காஸாவில் குண்டு பட்டு இறந்துபோனார்கள் என்று ரேடியோ சொன்னது. பெயர் சொல்லவில்லை. நாயக்கர் அதற்கு மேல் ஒரு செய்தியும் கேட்காமல் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினார். ரேடியோவைத் துப்பட்டியில் சுற்றி, பட்டறை வண்டியில் வைத்துக்கொண்டு சூலூருக்குக் கிளம்பினார்.

“அங்க கரண்ட் இருக்குதுங்களா?” என்று கேட்டார் கவுண்டர்.

“தறி ஓடுதுங்களே,” என்றார் நாயக்கர். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வண்டியில் அம்புஜமும் ஏறிக்கொண்டாள். அவள் மடியில் ஒரு தாம்பாளம் இருந்ததைத் தெய்வாத்தாள் பார்த்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு தேங்காய். பின்னாலேயே லட்சுமியம்மாள் வாசல் வரை ஓடி வந்து தெலுங்கில் கத்தினாள். பையன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத நேரத்தில் எவனாவது பெண்ணை நிச்சயம் பண்ணுவானா, என் மகள் பாழாய்ப் போக வேண்டுமா என்றாள். தெய்வாத்தாளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அந்த ஒரு தடவை, புரியாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. லட்சுமியம்மாள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

“ஆரு வெக்கச் சொன்னது அம்மணி?” என்று தெய்வாத்தாள் மெதுவாகக் கேட்டாள்.

“நாந்தாங்க அக்கா. அப்பா விடை கேக்கத்தான் தட்டு எடுத்து வெச்சிருந்தாரு. அதே தட்டுத்தான்.”

சூலூரில் ரேடியோ தறிச் சத்தத்துக்கு மேலே பாடியது. நாயக்கர் தங்கச்சி வீட்டிலேயே தங்கிவிட்டார். பட்டறையைப் பெரிய மேஸ்திரி பார்த்துக்கொண்டார். திருப்பூருக்கு ஆள் போய் மன்னிப்புக் கேட்டது. கடைசியில் ஒரு தந்தி வந்தது: பையன் நலம். அந்தத் தெருவில் லட்சுமியம்மாள்தான் முதலில் அழுதாள், சத்தமாக, தமிழிலேயே.

சென்னகிருஷ்ணன் ஆனிக் கடைசியில் வந்து சேர்ந்தான். இளைத்து, கறுத்து, ஒரு காது கொஞ்சம் மந்தமாகி. கவுண்டர் அவனைச் சுவரோரம் பிடித்துக்கொண்டார். பாதியில் நின்றுபோன வழக்குக்கு நேரில் பார்த்த சாட்சி அல்லவா? “தம்பி, படைய வாபஸ் வாங்குனது செரியா, தப்பா? நீயே சொல்லிப்போடு.”

“தெரியலீங்க மாமா. வண்டியெல்லாம் கழுவி ஒப்படைக்கோணும்னாங்க. கழுவிட்டிருந்தோம்,” என்றான் அவன். “அப்பத்தான் சண்ட வந்துதுங்க.” செம்பில் இருந்த மோரைக் குடித்தான். கவுண்டர் இன்னொரு செம்பு மோர் கொண்டுவரச் சொன்னார். நாயக்கர் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடி போய் ஆவணியில் கல்யாணம். முறுக்கு, தெய்வாத்தாளின் வடைசட்டியில்தான் வெந்தது. அம்புஜம் புருஷனோடு செகந்திராபாத் பட்டாளக் குடியிருப்புக்குப் போனாள். அங்கே தெலுங்கு பேசினால் யாரும் சண்டை என்று நினைப்பதில்லை என்று எழுதியிருந்தாள். பனியன் கம்பெனி மாப்பிள்ளைக்கு அதே ஆவணியில் சுந்தரராஜுலு தன் சொந்த மகளையே கொடுத்தார். முதலிலேயே ஏன் கொடுக்கவில்லை என்பதைத் தெய்வாத்தாள் இன்னும் ஆராய்ந்து முடிக்கவில்லை. நாயக்கர் இரண்டு வருஷத்தில் பட்டறையைச் சூலூருக்கு மாற்றி, தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார். ரேடியோ கடைசி வரை பங்காரம்மா வீட்டிலேயே இருந்தது.

கவுண்டர் சொந்தமாக ஒரு ரேடியோ வாங்கினார். செய்தி கேட்டுவிட்டுப் பழக்கத்தில் சுவரோரம் போய் நிற்பார். அந்தப் பக்கம் இப்போது ஒரு பாங்கு ஏஜெண்டு. கும்பிடு போடுவார், அபிப்பிராயம் சொல்லமாட்டார். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் முடியவில்லை என்று தெய்வாத்தாள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.