பளபளப்பு

"பளபளன்னு வேணுமா, மங்கலா இருந்தா போதுமா, கொழுந்தியா?" என்று அக்கா புருஷன் கேட்டபோது, அவளுடைய புது அலமாரி அவருடைய தச்சுப் பட்டறை நடுவே வெறும் மரமாக நின்றிருந்தது. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், மரத்துக்கு அடிக்கும் லாக்கர் பூச்சின் புகையே ஆகாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். மங்கலான பூச்சு என்றால் ஜன்னலைத் திறந்துபோட்டுத் துணியால் தேய்த்துவிடலாம். பளபளப்புக்கு ஸ்ப்ரேதான் அடிக்கவேண்டும். ஒரு தூசி ஒட்டினாலும் அதில் பளிச்சென்று தெரியும் என்பதால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"மங்கலா இருந்தா பழைய சாமான்னு நினைப்பாங்க மாமா."

"அப்ப கண்ணாடி மாதிரி அடிச்சிடறேன். அதுல உன் மூஞ்சிதான் தெரியும், அப்புறம் என்னைத் திட்டாதே" என்று சிரித்தார். "அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே."

அடைத்த கதவுக்கு உள்ளே ஸ்ப்ரே மோட்டார் இரைந்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. கதவில் கை வைத்தவள், ஈரப் பூச்சில் தூசி ஒட்டிவிடுமே என்று எடுத்துக்கொண்டாள். இருமல் அடங்கியதும், பாடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

சாப்பாட்டுடன் வந்த அக்காதான் கதவைத் தள்ளித் திறந்தாள். அவர் தரையில் குப்புறக் கிடந்தார்.

அக்கம்பக்கத்தார் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அக்கா கேட்டாள்: "நீ வெளியிலதானேடி இருந்தே? இருமினது கேக்கலையா?"

"கேட்டுதுக்கா. திறந்தா தூசி ஒட்டுமேன்னு..."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.